மெழுகெண்ணெய் பூசிய மரம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மரச்சாமான்களுக்குப் போடும் பூச்சுகளைப் பற்றி எழுதியபோது ஹார்ட்வேக்ஸ் ஆயில் பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. ஒவ்வொரு தடவையும் நீளமான பெயரைச் சொல்ல வேண்டாம் என்பதற்காக மெழுகெண்ணெய் என்றே எழுதுகிறேன், கடையில் கேட்கும்போது மட்டும் ஹார்ட்வேக்ஸ் ஆயில் என்று கேளுங்கள்.

கேள்வி: வார்னிஷ் தெரியும், பாலிஷ் தெரியும், பியூ (பாலியூரிதேன் பூச்சு) தெரியும். இது எண்ணெயா, மெழுகா? வார்னிஷைவிட இதில் என்ன பெரிதாக இருக்கிறது?

இரண்டும்தான். காயக்கூடிய தாவர எண்ணெயில் கெட்டியான மெழுகைச் சேர்த்துச் செய்வது. எண்ணெய் ஆளிவிதையாக இருக்கலாம், சூரியகாந்தியாகவோ சோயாவாகவோ இருக்கலாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மெழுகு பெரும்பாலும் கார்னோபா, கூடவே கேண்டலில்லா என்ற செடி மெழுகு. கார்னோபா என்பது வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலைமேல் படிகிற மெழுகு. தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும், கார்னோபா உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும். பெயரில் இருக்கும் 'ஹார்ட்' அந்த மெழுகின் கெட்டித்தன்மையிலிருந்து வந்தது.

எண்ணெய் மரத்தின் துளைகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகிக்கொள்ளும், மெழுகு மேற்பரப்பை ஒட்டித் தங்கித் தண்ணீரைத் தள்ளும். வார்னிஷும் பியூவும் அப்படி இல்லை, அவை மரத்துக்குமேல் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு படலமாக உட்காருகின்றன. தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பியூ போட்ட மேசையில் கை வைத்தால் பிளாஸ்டிக் குளிர்ச்சி, மெழுகெண்ணெய் போட்ட மேசையில் மரத்தின் ரேகை விரலுக்குப் படும்.

ஆனால் நான் இதை விரும்புவதற்குத் தொடு உணர்ச்சி இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், கெட்டுப்போன இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும் என்பது. பியூ படலம் ஒரு மூலையில் உரிந்தால் அந்த இடத்தில் மட்டும் புதுசாகத் தடவினால் ஒட்டுப்போட்ட மாதிரி எல்லை தெரியும், கடைசியில் முழுப் பலகையையும் தேய்த்துத்தான் ஆக வேண்டும். மெழுகெண்ணெயில் கீறல் விழுந்த இடத்தை லேசாகத் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தால் பழைய பூச்சோடு கலந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கிற இடம், யாரும் கவனிக்க நேரமில்லாத இடம், ரசாயனம் சிந்துகிற இடம் என்றால் பியூவே போடுங்கள். கீறலையும் தண்ணீரையும் நல்ல பியூ தாங்குகிற அளவுக்கு மெழுகெண்ணெய் தாங்காது. அவ்வப்போது கொஞ்சம் கவனித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறவர்களுக்கான பூச்சு இது.

கேள்வி: வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் இருக்கிறது, அதையே மரத்துக்குப் பூசினால் என்ன?

காயாது. எல்லாத் தாவர எண்ணெயும் காய்ந்துவிடாது, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகக்கூடியவை மட்டும்தான் காயும். அதை அளக்க அயோடின் மதிப்பு என்று ஒரு எண் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல், தேங்காய் எண்ணெய்க்கு 10 வாக்கில்தான். பூசிய அன்று பளபளப்பாக இருக்கும், அப்புறம் தூசியைப் பிடித்து, சிக்குப் பிடித்து, நாளானால் வாடையும் வரும். கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் இவற்றுக்கும் இதே பதில்.

கேள்வி: புதிதாகச் செய்த மேசைக்கு மெழுகெண்ணெய் வாங்கி நானே பூசினேன். நன்றாக ஊறட்டும் என்று முக்கால் லிட்டர் டப்பா காலியாகும் வரை, ஒரே நாளில் தாராளமாக மூன்று முறை பூசினேன். ஐந்து நாள் ஆகியும் பிசுபிசு என்று ஒட்டுகிறது. காகிதம் வைத்தால் அப்பிக்கொள்கிறது. கலப்பட எண்ணெயைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?

எண்ணெய்மேல் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. 'தாராளமாக' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. வந்த கடிதங்களில் ஒட்டுகிறது, காயவில்லை, திட்டுத்திட்டாக மினுங்குகிறது, கைரேகை படிகிறது என்று எழுதிய எல்லோருடைய பிரச்சினையும் கிட்டத்தட்ட இதுதான். நானும் முதன்முதலில் பூசிய ஒரு அலமாரித் தட்டில் இதையே செய்தேன், ஒரு மாதம் கழித்தும் அதில் வைத்த புத்தகத்தின் அட்டை ஒட்டிக்கொண்டு கிழிந்தது. பிடித்த புத்தகம், இன்றும் வருத்தம்தான்.

நடப்பது இதுதான். பெயிண்டில் பல வகைகள் தண்ணீரோ தின்னரோ ஆவியாகப் போவதால் காய்கின்றன. எண்ணெய் அப்படிக் காய்வதில்லை, அது காற்றிலிருந்து ஆக்சிஜனை உள்ளே இழுத்துத்தான் இறுகுகிறது, காய்ந்த ஆளிவிதை எண்ணெய் முதலில் இருந்ததைவிட எடை கூடியே இருக்கும். அப்படியென்றால் எண்ணெயின் ஒவ்வொரு துளிக்கும் காற்று எட்ட வேண்டும். தடிமனாகப் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகி மூடிக்கொள்ளும், அடியில் இருப்பதற்குக் காற்று போகாது, அது நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் அப்படியே பசையாகக் கிடக்கும். போதாததற்கு நீங்கள் முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதையும் மூன்றாவதையும் மேலே ஏற்றிவிட்டீர்கள்.

மரம் எவ்வளவு குடிக்குமோ அவ்வளவுதான் குடிக்கும். மீதி மேலே நிற்கும், அந்த மீதியைத் துடைத்து எடுப்பதுதான் இந்த வேலையில் பாதி. எவ்வளவு குறைவாக வேண்டும் என்பதற்குக் கணக்கைப் பாருங்கள்: ஓஸ்மோ கம்பெனியின் பாலிக்ஸ் ஆயில் என்ற மெழுகெண்ணெயில் ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 24 சதுர மீட்டர் வரும் என்கிறார்கள். ஒரே பூச்சோடு முடிகிற ரூபியோ மோனோகோட்டில் ஒரு லிட்டருக்கு 30 முதல் 50 சதுர மீட்டர் வரை. உங்கள் மேசை மேற்பரப்பு இரண்டு சதுர மீட்டர்கூட இருக்காது. இரண்டு மெல்லிய பூச்சுக்குச் சேர்த்தே 150, 170 மில்லிக்கு மேல் வேண்டியதில்லை. நீங்கள் முக்கால் லிட்டர் டப்பாவைக் காலி செய்திருக்கிறீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? வெள்ளை ஸ்பிரிட் (பெயிண்ட் கடையில் கிடைக்கும் கரைப்பான்) அல்லது டர்பன்டைனில் துணியை நனைத்து, ஒட்டுகிற இடத்தையெல்லாம் அழுத்தித் துடையுங்கள், துணி அழுக்கானால் மாற்றிக்கொண்டே இருங்கள். முக்கால்வாசி பசை வந்துவிடும். ஜன்னலைத் திறந்து காற்றோட்டத்தோடு செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது. அப்புறமும் சில இடத்தில் விடாமல் இருந்தால் அதே மெழுகெண்ணெயில் கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள், புது எண்ணெய் பழைய பசையை இளக்கும், உடனே முழுவதையும் துடைத்து எடுத்துவிட வேண்டும். உப்புத்தாளை இப்போது எடுக்காதீர்கள், பசையில் தாள் நொடியில் அடைத்துக்கொள்ளும். துடைத்து முடித்து இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். அதன் பிறகு நகத்தால் கீறிப் பார்த்து எதுவும் வராவிட்டால் உங்கள் மேசை பிழைத்துவிட்டது. அதற்குமேல் பூச வேண்டியதில்லை.

துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஏன் என்று கீழே ஒரு கேள்வியில் விரிவாக எழுதியிருக்கிறேன், தயவுசெய்து அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: தம்பி, நாற்பது வருசமாக உளி பிடிக்கிறேன். 400 உப்புத்தாள் வரை போட்டு, கன்னத்தில் வைத்தால் வழுக்குகிற மாதிரி ஆக்கித்தான் பாலிஷ் போடுவோம். நீ சென்ற இதழில் மெழுகெண்ணெய்க்கு 150லேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறாய். அரைகுறை வேலையைக் கற்றுக்கொடுக்கலாமா?

வணக்கம் ஐயா. பாலிஷுக்கு நீங்கள் செய்வதுதான் சரி, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பிரெஞ்சு பாலிஷ் மேலே உட்காருகிற பூச்சு, அடியில் எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு மினுமினுப்பு. மெழுகெண்ணெய் உள்ளே இறங்க வேண்டும். உப்புத்தாளின் எண் கூடக் கூட அது நைசாகும், 400 வரை தேய்த்தால் மரத்தூள் துளைகளில் அடைத்து, மேற்பரப்பு மெருகேறி மூடிக்கொள்ளும், எண்ணெய் போதுமான அளவு இறங்காது. இறங்காத எண்ணெய் துணியோடு போய்விடும், பூச்சு மெலிந்து, சீக்கிரமே தண்ணீர்க்கறை பிடிக்கத் தொடங்கும். தரைக்கு 120 அல்லது 150, மேசை நாற்காலிக்கு 150லிருந்து 180, கொஞ்சம் மென்மை வேண்டுமென்றால் 220. டப்பாவில் வேறு எண் போட்டிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும், ஒவ்வொரு கம்பெனி எண்ணெயின் கெட்டித்தன்மையும் வேறு.

150ல் நிறுத்துவதால் வேலை சுலபம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, உங்களுக்குத் தெரியாததா. 80, 120, 150 என்று படி தாண்டாமல் போக வேண்டும். மெஷினில் தேய்த்தால் சுருள் சுருளாகக் கோடு விழும், வெறும் மரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய் பட்டவுடன் அத்தனையும் எழுந்து நிற்கும். அதனால் கடைசித் தாளைக் கட்டையில் சுற்றி, கையாலேயே ரேகை ஓடும் போக்கில் ஒரு சுற்று தேய்த்துவிடுவது நல்லது. விளக்கைப் பலகையின் ஓரத்தில் தாழ்வாக வைத்துப் பார்த்தால் விட்டுப்போன கோடு எல்லாம் நிழலோடு தெரியும்.

ஒரு இடத்தில் மட்டும் உங்கள் பழக்கம் இங்கேயும் உதவும். பலகையை அறுத்த முனை, நார்களின் வாய் திறந்திருக்கிற பக்கம், எண்ணெயை அதிகம் குடித்துக் கருத்துப்போகும். அந்த முனையை மட்டும் இரண்டு படி கூடுதலாக, மேற்பரப்பு 150 என்றால் முனை 220 வரை தேய்த்தால் நிறம் ஒரே மாதிரி வரும்.

அப்புறம் கடைசித் தாளுக்கு முன்னால் ஈரத்துணியால் ஒருமுறை பலகையைத் துடைத்துக் காயவிடுங்கள், படுத்திருக்கிற நார் எல்லாம் எழும்பும், அதைக் கடைசித் தாளால் எடுத்துவிட்டால் பிறகு தண்ணீர் பட்டாலும் சொரசொரப்பு வராது. இதை உங்கள் காலத்து ஆட்கள் சொல்லித்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

கேள்வி: ஏற்கெனவே வார்னிஷ் அடித்த கதவு. அதற்குமேல் பூசலாமா?

முடியாது. இறங்க வழியில்லாமல் மேலேயே பசையாக நிற்கும். வார்னிஷை முழுவதுமாக எடுத்துவிட்டு, மரம் வெறுமையாகத் தெரிகிற அளவுக்கு வந்த பிறகு பூசுங்கள். எடுத்துவிட்டோமா என்று சந்தேகமாக இருந்தால் அங்கங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மரத்துக்குள் ஊறிக் கருத்தால் சரி, முத்தாக நின்றால் இன்னும் படலம் இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: தேக்குப் பலகையில் பூசினேன், மெல்லிசாகத்தான் பூசினேன், நன்றாகத் துடைக்கவும் செய்தேன். ஆனாலும் அங்கங்கே காயவே இல்லை. அதே டப்பாவிலிருந்து வேறொரு மரத்தில் பூசியது மறுநாளே காய்ந்துவிட்டது.

இங்கே தடை மரத்துக்குள்ளேயே இருக்கிறது. தேக்கைக் கரையான் லேசில் தொடாமல் இருப்பதற்குக் காரணம் அதனுள் இருக்கும் எண்ணெயும் குயினோன் வகைப் பொருட்களும்தான். மரத்தைக் காப்பாற்றுகிற அதே பொருள் நாம் பூசுகிற எண்ணெய் ஆக்சிஜனை இழுப்பதையும் தடுக்கும். ஈட்டி மரத்திலும் இந்தத் தொல்லை உண்டு, சில ஈட்டி வகைகளில் தேக்கைவிட மோசம்.

பூசுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் என்ற கரைப்பானில் தொட்ட வெள்ளைத் துணியால் நன்றாகத் துடையுங்கள், துணியில் பழுப்பாக ஏறும், ஏறுவது குறைகிற வரை துணியை மாற்றித் துடைக்க வேண்டும். அசிட்டோன் பறந்ததும் தாமதிக்காமல் பூசிவிடுங்கள், அன்றைக்கே. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளேயிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். உப்புத்தாள் போட்ட மேற்பரப்பும் பழையதாக இல்லாமல் புதிதாக இருக்க வேண்டும், மாதக்கணக்கில் கிடந்த பலகையை அப்படியே எடுக்காதீர்கள். காய்வதற்கும் மற்ற மரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். இரண்டு பாகமாக வந்து, கலந்து பூசுகிற வகை எண்ணெய் இந்த மரங்களுக்குப் பொருத்தமாக இருக்கிறது, இரண்டாவது பாகம் காய்வதை வேகப்படுத்தும். கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும், அதனால் வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள்.

எதற்கும் முதலில் மேசையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசி இரண்டு நாள் பாருங்கள். எந்த மரமானாலும் இந்தச் சோதனையை நான் விட்டதில்லை.

கேள்வி: எண்ணெய் துடைத்த துணியை ஒரு வாளியில் போட்டு வைத்தோம். சாயங்காலம் தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது, ஏதோ கருகின வாடையும் வந்தது. வெயிலில்கூட வைக்கவில்லை. இது சாதாரணமா?

நீங்கள் தொட்டுப் பார்த்தது பெரிய நல்ல காலம். இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் அந்தத் துணி தானாகவே பற்றிக்கொண்டிருக்கலாம். நெருப்புப் பொறி வேண்டாம், வெயில் வேண்டாம், யாரும் பீடி குடிக்க வேண்டாம்.

எண்ணெய் ஆக்சிஜனை இழுத்து இறுகும்போது சூடு வெளிவரும் என்பதுதான் காரணம். மேசைமேல் மெல்லிய பூச்சாக இருக்கும்போது அந்தச் சூடு காற்றோடு போய்விடும், நமக்குத் தெரிவதே இல்லை. துணியில் எண்ணெய் எக்கச்சக்கமான இழைகளில் பரவியிருக்கிறது, காற்று படும் பரப்பு பலமடங்கு. அதைச் சுருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தால் உள்ளே உண்டாகிற சூடு வெளியே போக வழியில்லை. சூடு ஏற ஏற வேதிவினை வேகமாகும், வேகமானால் இன்னும் சூடு. அப்படியே ஏறிக்கொண்டே போய்ப் பற்றும்.

1991ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆம் மாடியில் தீப்பிடித்தது. மர வேலைப்பாட்டுக்குப் பூசிய ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், தீ அதிலிருந்துதான் தொடங்கியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். எட்டு மாடிகள் எரிந்து, 30ஆம் மாடியில் இருந்த தண்ணீர் தெளிப்பான்கள்தான் கடைசியில் தீயை நிறுத்தின. ஒரு பிடித் துணி.

அதனால் வேலை முடிந்த அந்த நிமிடமே துணியைப் பார்த்துவிடுங்கள், கை கழுவுவதற்கு முன்னால், தண்ணீர் குடிப்பதற்கு முன்னால். ஒவ்வொன்றாக விரித்து வெளியே கொடியில் தனித்தனியாகத் தொங்கவிடலாம், மடிப்பு விழக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று படக் கூடாது. முழுசாக விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் போடலாம். வெளியே தொங்கவிட வசதியில்லை என்றால் மூடி போட்ட இரும்பு டப்பாவில் தண்ணீர் நிரப்பி அதில் முழுக்க மூழ்கவிட்டு வெளியே வையுங்கள். மெஷினில் தேய்க்கிற பஞ்சுத் தட்டு, ஸ்பான்ஞ்சு, எண்ணெய் பட்ட மரத்தூள் இவற்றுக்கும் இதே கவனம் வேண்டும், பலரும் துணியை மட்டும் பார்த்துவிட்டு அந்தத் தட்டை மறந்துவிடுகிறார்கள். வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அவர்கள் கிளம்பும்போது துணி எங்கே என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: மரத்தின் வெளிர் நிறம் பிடித்துத்தான் வாங்கினேன். எண்ணெய் பூசினால் மஞ்சளாகிவிடுமா?

கொஞ்சம் மாறும், மரம் நனைந்த மாதிரி நிறம் ஆழமாகும். எவ்வளவு மாறும் என்று பார்க்க ஒரு மூலையை ஈரத்துணியால் துடையுங்கள், அந்த ஈர நிறம்தான் ஏறக்குறைய பூச்சின் நிறம். பிடிக்கவில்லை என்றால் வெளிர் மரத்துக்கென்றே துளி வெள்ளை நிறமி சேர்த்த வகை கிடைக்கிறது, அது அந்த ஈரத்தோற்றத்தைச் சமன் செய்து மரத்தை வெறுமையாகவே காட்டும். அதைக் கருமையான மரத்தில் பூசிவிடாதீர்கள், ரேகையில் சாம்பல் படிந்த மாதிரி தெரியும்.

கேள்வி: மர மேசைக்கும் தரைக்கும் மெழுகெண்ணெய் பூசி எட்டு மாதம் ஆகிறது. தினமும் எப்படித் துடைக்க வேண்டும்? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்? மேசையில் ஒரு இடத்தில் வெள்ளையாக வட்டம் விழுந்திருக்கிறது, தேய்த்தும் போகவில்லை.

தினமும் என்றால் உலர்ந்த துணி அல்லது மென்மையான துடைப்பம் போதும். மண்துகள்தான் பெரிய எதிரி, அது காலடியில் உப்புத்தாள் வேலையைச் செய்கிறது. ஈரமாகத் துடைக்க வேண்டுமென்றால் துணியைச் சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிட்டு, தண்ணீரில் இந்தப் பூச்சுக்கென்றே விற்கிற சோப்பில் கொஞ்சம், அல்லது காரமோ அமிலமோ இல்லாத மிதமான சோப்பு. வினிகர், அம்மோனியா, பிளீச்சிங், பாத்திரம் தேய்க்கிற கடினப் பொடி, நீராவி அடித்துத் துடைக்கிற மெஷின் இவை எதுவும் வேண்டாம். நீராவி மெழுகையும் இளக்கி, ஈரத்தையும் உள்ளே தள்ளும்.

மறுபூச்சுக்கு வருடக்கணக்கு நான் சொல்ல மாட்டேன், சொன்னால் தப்பாகிவிடும். வாசல் பக்கம் ஒரே வருடத்தில் தேயும், கட்டிலுக்கு அடியில் பத்து வருடம் ஆனாலும் புதுசாக இருக்கும். மரத்தையே கேளுங்கள். சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள், முத்துமுத்தாக நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், பரவி மரம் கருத்தால் அந்த இடத்துக்கு எண்ணெய் வேண்டும். முழுவதும் அல்ல, அந்த இடத்துக்கு. நன்றாகத் துடைத்து, ஒரு இரவு காயவிட்டு, வெள்ளை நைலான் தேய்ப்பானால் ஒரு கரண்டி எண்ணெயை வட்டமாகத் தேய்த்துப் பரப்புங்கள், பத்து பதினைந்து நிமிடத்தில் மிச்சம் ஒரு துளி இல்லாமல் துடையுங்கள். நடக்கிற தடம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தவுடனே இதைச் செய்துவிட்டால் உப்புத்தாளே தேவைப்படாது. மரம் சாம்பல் நிறமாகிற வரை விட்டால் அப்புறம் தேய்த்து எடுக்கிற பெரிய வேலைதான்.

வெள்ளை வட்டம் சூடான பாத்திரத்தாலோ ஈரக் கோப்பையாலோ வந்திருக்கும், மெழுகிலே ஈரம் மாட்டிக்கொண்டு வெளுப்பாகத் தெரிகிறது. முதலில் இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள், சிலது தானாகவே மறையும். மறையாவிட்டால் அதே தேய்ப்பானில் சில சொட்டு எண்ணெய் விட்டு வட்டத்துக்குச் சற்று வெளியேயும் சேர்த்து மென்மையாகத் தேய்த்துத் துடையுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

தேய்க்க இரும்புக் கம்பளியை மட்டும் எடுக்காதீர்கள். அதன் துகள் மரத்தில் தங்கி, ஈரம் பட்டால் ஓக் மாதிரி டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த மரத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழும், அதை எடுப்பது பெரும்பாடு.

பூசி முதல் இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் பொறுமை வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் புதிதாகப் பூசுகிறவர்களுக்கு உதவும். பாலிக்ஸ் ஆயில் மாதிரி வகை எட்டுப் பத்து மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, குளிரோ காற்றில் ஈரமோ அதிகமென்றால் இன்னும் கூடுதல் நேரம் எடுக்கும். ஆனால் உள்ளே முழுசாக இறுக வாரங்கள் ஆகும். அதுவரை ஈரத்துணி வேண்டாம், விரிப்பு விரிக்க வேண்டாம், விரித்தால் அடியில் காற்றுப் படாத இடம் வேறு நிறத்தில் நின்றுவிடும்.

கேள்வி: பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொட்டில் செய்கிறேன். இதைப் பூசலாமா? அதே எண்ணெயைக் காய்கறி நறுக்கும் பலகைக்கும் பூச நினைக்கிறேன்.

தொட்டிலுக்குப் பூசலாம். டப்பாவில் இஎன் 71-3 என்று இருக்கிறதா பாருங்கள், அது குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களிலிருந்து ஈயம் போன்ற உலோகங்கள் எவ்வளவு கசியலாம் என்று வரம்பு வைக்கிற ஐரோப்பியத் தரம். ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுசாகக் காய்ந்த பூச்சுக்குத்தான். டப்பாவில் இருக்கும்போது கரைப்பானும் காய்வதை வேகப்படுத்தும் சேர்மானங்களும் அதில் இருக்கின்றன. அதனால் குழந்தை வருவதற்கு ஒரு மாதம் முன்பே பூசி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர் பூச வேண்டாம், பூசுகிற அறையிலும் இருக்க வேண்டாம்.

நறுக்கும் பலகைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கத்தி தினமும் பூச்சைக் கீறிக்கொண்டே இருக்கும், தினமும் கழுவவும் செய்கிறோம். அதற்கு உணவுத் தர மினரல் எண்ணெய், அல்லது அதில் தேன்மெழுகு கரைத்தது, மாதம் ஒருமுறை தடவினால் போதும். அது காயாது, இந்த இடத்தில் காய வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி: ஒரே டப்பாவிலிருந்துதான் பூசினேன். மேசையின் மேல்பக்கம் மினுங்குகிறது, கடைசியில் பூசிய கால்கள் மங்கலாகவும் வெளுப்பாகவும் இருக்கின்றன. மீதி எண்ணெய் ஆடை கட்டிவிட்டது, அதைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?

கலக்காமல் ஊற்றியிருக்கிறீர்கள். மினுமினுப்பைக் குறைக்க இந்த எண்ணெயில் நுண்ணிய சிலிக்காத் தூள் சேர்த்திருப்பார்கள், அது டப்பா நின்ற இடத்தில் அடியில் படிந்துவிடும். மேலே இருந்த தெளிந்த எண்ணெய் மேல்பக்கத்துக்குப் போய்விட்டது, அடியில் இருந்த தூள் கால்களுக்கு. தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டி இரண்டு மூன்று நிமிடம் கலக்க வேண்டும், வேலைக்கு நடுவிலும் இரண்டு தடவை. குலுக்க வேண்டாம், குமிழி வரும். மேல்பக்கத்தைச் சரிசெய்ய, நைலான் தேய்ப்பானால் லேசாகத் தேய்த்துவிட்டு, நன்றாகக் கலந்த எண்ணெயில் மிக மெல்லியதாக ஒரு பூச்சு போதும்.

ஆடை கட்டியதற்கு டப்பாவுக்குள் மிச்சமிருந்த காற்றுதான் காரணம், மேசைமேல் நடப்பதே அங்கேயும் நடக்கிறது. ஆடையைக் கலக்கிவிடாமல் கத்தியால் ஓரம் வெட்டி முழுசாக எடுத்துவிட்டு, அடியில் இருப்பதைப் பழைய நைலான் துணியில் வடிகட்டிப் பாருங்கள். தேன் மாதிரி நூலாக இழுத்தால் தூக்கிப்போடுங்கள், நீராக ஓடினால் ஒரு சிறு பலகையில் பூசி, ஒரு நாளில் காய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். இனிமேல் மீதியைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடி வையுங்கள். நிரம்பாவிட்டால் கழுவிக் காயவைத்த கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை ஏற்றலாம். பாட்டில்மேல் எண்ணெயின் பெயரையும் திறந்த தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் மழையிலும் வெயிலிலும் கிடக்கிற பெஞ்சுக்கு?

வீட்டுக்குள் பூசுகிற மெழுகெண்ணெய் வேண்டாம். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தெளிந்த பூச்சைத் தாண்டி மரத்தைச் சிதைக்கும், பூச்சு நன்றாக இருந்தாலும் அடியில் மரம் நரைத்துவிடும். வெளிப்புறத்துக்கென்றே நிறமி சேர்த்த எண்ணெய் இருக்கிறது, நிறமிதான் அங்கே குடை. வெளியில் கிடக்கிற மரத்துக்கு வருடம் ஒருமுறையாவது பூச நேரிடும், அதற்கும் மெல்லிசாகப் பூசி மீதியைத் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். துணியை மறந்துவிடாதீர்கள்.